அண்ணி வரைந்த குப்பைமேடு

எனக்கு எளிதில் அருவருப்பு வராது. என் பிழைப்பு அப்படி. ஆஸ்பத்திரிப் பரிசோதனைக்கூடத்தில் காலை முதல் மாலை வரை மலம், மூத்திரம், சளி, சீழ் என்று அடுத்தவர் உடம்பிலிருந்து வருவதையெல்லாம் கண்ணாடித் துண்டில் தடவிப் பார்க்கிறவள் நான். பார்த்து முடித்ததும் கையைக் கழுவிக்கொண்டு பக்கத்து அறையில் டிபன் டப்பாவைத் திறந்து ரசித்துச் சாப்பிடுவேன். புதிதாக வேலைக்கு வருகிற பெண்கள் என்னைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு ஓடுவார்கள். அப்படிப்பட்ட எனக்கே குமட்டிக்கொண்டு வந்தது என்றால் அது எங்கள் தெருக்காரர்களால்தான். குப்பையைச் சொல்லவில்லை. குப்பை பாவம், அது என்ன செய்யும்? ஆட்களைச் சொல்கிறேன்.

இவர்களைப் பற்றி எழுத நான் உட்காரவில்லை. என் அண்ணியைப் பற்றிச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அவளைப் பற்றி வாயைத் திறந்தாலே இந்தக் கூட்டம் குறுக்கே வந்து நிற்கிறது. என்ன செய்ய, தலையெழுத்து.

அண்ணி ஒரு பொறியாளரின் அலுவலகத்தில் வீட்டு வரைபடம் போடுகிறாள். நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, யாரோ கட்டப்போகும் வீட்டுக்குச் சமையலறை எங்கே, கக்கூஸ் எங்கே என்று நேர்கோடாக இழுத்துத் தள்ளிவிட்டு வருவாள். வீட்டுக்கு வந்து முகம் கழுவியதும் நேர்கோடு ஒன்றுகூட இல்லாமல் எதையாவது வரைந்தால்தான் அவளுக்கு மூச்சு வரும். பென்சில் பிடிக்காது. வண்ணம் பிடிக்காது. கரிதான். அதுவும் கடையில் வாங்கும் கரி ஆகாது, தானே சுட்டுக்கொள்வாள். விரல் மொத்தக் குச்சிகளைப் பட்டை உரித்து, ஒரு பிஸ்கட் டப்பாவுக்குள் நெருக்கமாக அடுக்கி, மூடியைக் கம்பியால் இறுக்கிக் கட்டி, மூடியில் ஆணியால் ஒரே ஒரு ஓட்டை போட்டு, கொல்லைப்புறத்தில் நெருப்பு மூட்டி அதில் வைப்பாள். ஓட்டை வழியாகப் புகை வரும். புகை நின்றால் கரி தயார். ஆனால் சூட்டோடு டப்பாவைத் திறந்தால் காற்றுப் பட்டு அத்தனையும் சாம்பலாகிவிடும். அதனால் அது ஆறும்வரை பக்கத்திலேயே முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். பொறுமைசாலி. எனக்கென்றால் டப்பாவைத் தூக்கி எறியத் தோன்றும்.

கல்யாணமாகி வந்தபோதே அந்த டப்பாவைக் கொண்டுவந்தாள். அப்போது உயிரோடு இருந்த என் அம்மா அதைத் திறந்து பார்த்துவிட்டு, "ஏண்டி, இந்தப் பொண்ணு கரி தின்னுமோ?" என்று என் காதில் கேட்டாள். நான் நேராகப் போய் அண்ணியிடமே கேட்டுவிட்டேன். அவள் சிரித்த சிரிப்பில்தான் நாங்கள் இரண்டு பேரும் சிநேகிதம் ஆனோம். அண்ணி பேசுவது குறைவு, நான் பேசுவது அதிகம். அதனால் வீட்டில் சத்தம் ஒரு அளவாகவே இருந்தது.

தெரு அதைவிட அமைதி. முட்டுச்சந்து. இரண்டு பக்கமும் மரம், மரத்தடியில் நிழல், மூடிய கேட்டுகள். நாய்கூடக் குரைக்க யோசிக்கும். "நம்ம தெரு மாதிரி அமைதி எங்கயும் கிடையாது" என்று தெருக் குடியிருப்போர் சங்கச் செயலாளர் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்வார். வங்கியில் பெரிய பதவியிலிருந்து ஓய்வு பெற்றவர். சட்டையில் ஒரு சுருக்கம் இருக்காது. அண்ணி கரி சுடும் புகை தன் வீட்டுத் திரைச்சீலையில் படிகிறது, சுற்றுப்புறம் கெடுகிறது என்று எங்கள் வீட்டுக்கு வந்து சுத்தத்தைப் பற்றி வகுப்பெடுத்துவிட்டுப் போன மகான். அவர் போகும்போது கையில் ஒரு பொட்டலம் இருந்தது. வாசலைத் தாண்டியதும் அந்தப் பொட்டலம் எங்கள் சுற்றுச்சுவரின் ஓரமாக விழுந்தது.

ஆமாம், அதுதான் விஷயம். எங்கள் வீடு தெருமுனையில் இருக்கிறது. நகராட்சியின் குப்பைத்தொட்டி பெரிய சாலையைத் தாண்டி எதிர்ப்பக்கம். சாலையைக் கடக்க இவர்களுக்கெல்லாம் கால் வலிக்கும். அதனால் காலையில் நடைப்பயிற்சிக்குப் போகும்போது, எங்கள் பக்கச் சுவர் வந்ததும் கையை லேசாகத் தொங்கவிடுவார்கள். பை தானாக நழுவி விழும். முகம் நேராக இருக்கும், நடை நிற்காது. உடம்பு நன்றாக இருக்கவேண்டும் என்று ஊரையே சுற்றி நடப்பார்களாம், அந்தச் சாலையை மட்டும் கடக்க முடியாதாம். தூ!

அந்தச் சுவருக்கு நேர் உள்ளேதான் எங்கள் வீட்டின் ஒரே நல்ல அறை. ஒரே நல்ல ஜன்னலும் அங்கேதான். அந்த ஜன்னலை நாங்கள் வருஷக்கணக்காகத் திறந்ததில்லை. மீன் செதிலும் அழுகிய பழமும் குழந்தைகளின் கழிவுத்துணியும் வெயிலில் வேகிற வாடை எப்படி இருக்கும் என்று நான் சொல்லித்தான் தெரியவேண்டுமா? எப்படியோ சகித்தோம். அண்ணன் காலில் புண் வரும்வரை சகித்தோம்.

அண்ணன் பஸ் ஓட்டுநர். சர்க்கரை வியாதி உண்டு. வலது பாதத்தில் ஏதோ குத்தியிருக்கிறது, மரத்துப்போன கால், அவனுக்குத் தெரியவே இல்லை. செருப்பில் ரத்தம் பார்த்துத்தான் தெரிந்துகொண்டான். புண் ஆழமாகப் போய்விட்டது. டாக்டர் அண்ணியையும் என்னையும் உட்காரவைத்துச் சொன்னார்: "இப்போதைக்குக் காலைக் காப்பாத்தலாம். ஆனா சுத்தம் ரொம்ப முக்கியம். நல்ல காத்து வேணும், புண்ணு மேல ஈ உட்காரவே கூடாது. விட்டீங்கன்னா முழங்கால் வரைக்கும் எடுக்கவேண்டி வரும்." வலது கால் இல்லாமல் பிரேக்கை எதனால் அழுத்துவது? அண்ணனுக்கு அந்த வண்டியைத் தவிர வேறு எதுவும் தெரியாது.

அவனை வேறு அறைக்கு மாற்ற வழியில்லை. பின்னால் சமையலறை, அதை ஒட்டி நான் படுக்கும் இருட்டுப் பொந்து, அவ்வளவுதான் வீடு. ஜன்னலை ஒரு சாண் மட்டும் திறந்து வலை அடித்தோம். வலையில் ஈ அப்பிக்கொண்டு உட்கார்ந்தது. வலை தடுக்காத வாடை உள்ளே வந்தது, கதவைத் திறக்கும்போதெல்லாம் ஈயும் வந்தது. ஜன்னலைச் சாத்தினால் அறை அடுப்பு. கட்டுப் பிரிக்கும் நேரத்தில் அண்ணி ஒரு முறத்தை வைத்து விசிறிக்கொண்டே நிற்பாள், நான் மருந்து வைப்பேன்.

நகராட்சியில் போய்ச் சொன்னேன். "யாரு போடறாங்கன்னு பேரு எழுதிக் கொடுங்க, பார்க்கலாம்" என்றார் அங்கிருந்தவர். ஒருநாள் பொறுக்கமுடியாமல், என் கண் முன்னாலேயே விழுந்த ஒரு பையைத் தூக்கிக்கொண்டு தெருக்கோடியில் இருக்கும் பெரிய வீட்டுக்கே போனேன். அந்த வீட்டுக்காரியை எல்லோரும் பங்களாம்மா என்றுதான் சொல்வோம். என்னைப் பார்த்தாள், பையைப் பார்த்தாள். "அய்யே, இதை ஏன் எங்க வீட்டுக்குக் கொண்டாந்தே? எங்க பேரு எழுதியிருக்கா இதுல?" என்று மூக்கைப் பொத்திக்கொண்டாள். அவள் வீட்டு நேற்றைய சாப்பாடு, அவளுக்கே நாறுகிறது! நான் கத்தினேன். தெருவின் அமைதியைக் கெடுக்கிறேன் என்று சங்கத்திலிருந்து எனக்குத்தான் கண்டனம் வந்தது.

அந்தச் சமயத்தில்தான் நகராட்சி ஒரு போட்டி அறிவித்தது. ஊரிலேயே நன்றாகப் பராமரிக்கப்படும் தெருவுக்குப் பரிசு. புதிய விளக்குகள், மரத்தடியில் உட்காரப் பெஞ்சுகள். விண்ணப்பத்தோடு, அந்தத் தெருவிலேயே குடியிருக்கும் ஒருவர் கையால் வரைந்த தெருவின் படம் ஒன்றும் வேண்டுமாம். எந்தப் புண்ணியவான் மூளையில் உதித்த யோசனையோ தெரியாது. செயலாளர் எங்கள் வாசலில் வந்து நின்றார். புகையைப் பற்றி அன்று பேசிய வாய், இன்று தேன் சொட்டியது.

"எம்மா, உன் கை பேசும்னு எல்லாரும் சொல்றாங்க. நம்ம தெருவத் தத்ரூபமா வரைஞ்சு கொடும்மா. பார்க்கிறவன் அசந்து போகணும்."

"இருக்கறத வரையறேன் சார்" என்றாள் அண்ணி.

அவர் போனதும் நான் குதித்தேன். "இவனுங்களுக்குப் போய் வரைஞ்சு கொடுக்கறீங்களா? உங்களுக்கு ரோஷமே கிடையாதா அண்ணி?" அண்ணி டப்பாவிலிருந்து ஒரு குச்சியை எடுத்து முனையை விரலில் தேய்த்துப் பார்த்துக்கொண்டே, "ரோஷம் இருக்கு, அதனாலதான் ஒத்துக்கிட்டேன்" என்றாள்.

ஒரு வாரத்துக்கு மேல் வரைந்தாள். மொட்டைமாடிக்குப் போகும் படியின் திருப்பத்தில் நின்றால் தெரு முழுக்கத் தெரியும். அங்கே நின்று வரைவாள். விரலால் தேய்ப்பாள், வெளிச்சம் வேண்டிய இடத்தில் ரொட்டித் துண்டை உருட்டி ஒற்றி எடுப்பாள். மூக்கு நுனியில், நெற்றியில், சமையலறைக் குழாயில், அண்ணனுடைய போர்வையில் எல்லாம் கரி. என்ன வரைகிறாள் என்று நான் எட்டிப் பார்க்கவில்லை. கோபம்.

செயலாளர் வீட்டுக் கூடத்தில் தெருவே கூடியிருந்தது. தேநீர், பிஸ்கட், நாற்காலி வரிசை. அண்ணி துணியை விலக்கினாள். நான் சொல்கிறேன், என் அண்ணி என்பதற்காகச் சொல்லவில்லை, அந்த மாதிரி ஒரு படத்தை நான் பார்த்ததில்லை. நடுப்பகல். மரங்களின் நிழல் தரையில் கிடக்கிறது. சாத்திய கேட்டுகள், ஒரு மதிலில் சாய்ந்து நிற்கும் சைக்கிள், தொங்கும் மின்கம்பி. ஒரு ஆள் இல்லை. "அடடா, என்ன அமைதி!" என்று பின்வரிசையில் யாரோ சொன்னார்கள். முன்வரிசைக்காரர்கள் சொல்லவில்லை. அவர்கள் கண் படத்தின் அடிப்பக்கத்துக்கு வந்துவிட்டது. அங்கே, முன்னால், எல்லாவற்றையும்விடப் பெரிதாக, எங்கள் சுவரும் அதன் ஓரத்துக் குப்பைமேடும்.

வெறும் குப்பை என்று வரைந்திருந்தால் தப்பித்திருப்பார்கள். அண்ணி ஒவ்வொரு பையையும் வரைந்திருந்தாள். மனிதர்களுக்கு ஒரு விசித்திரம் உண்டு, ஒவ்வொருவரும் ஒரே மாதிரிதான் ஆயுசுக்கும் முடிச்சுப் போடுவார்கள். பங்களாம்மா துணிக்கடைப் பையின் கைப்பிடிகளை இரண்டு காதாக நிமிர்த்தி முடிவாள். செயலாளர் செய்தித்தாளில் மடித்து, குறுக்கும் நெடுக்குமாக நூல் கட்டி, பார்சல் அனுப்புவது போலத்தான் குப்பையை எறிவார். டியூஷன் எடுக்கும் வாத்தியார், கிழித்த விடைத்தாள்களை ரொட்டி உறையில் திணித்து ரப்பர் வளையம் போடுவார். அத்தனையும் அந்தக் காகிதத்தில் இருந்தது. பெயர் எழுதாத குறைதான்.

வாத்தியார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டார். பங்களாம்மா எழுந்தவள் மெல்ல உட்கார்ந்தாள். எனக்குச் சிரிப்பு பொங்கிப் பிஸ்கட் புரையேறிவிட்டது.

"இது... என்னம்மா இங்க, ஒரே கசகசன்னு?" என்றார் செயலாளர்.

"குப்பை சார்."

"அது தெரியுது. அதை எதுக்கு..."

"தத்ரூபமா கேட்டீங்களே."

"அந்த இடத்துல ஒரு பூச்செடி வரைஞ்சிடேன். அம்சமா இருக்கும்."

"அங்க செடி இல்லையே சார்" என்று சொல்லிவிட்டு அண்ணி படத்தை மறுபடி துணியால் மூடி, தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள். கரிப் படம் என்பது காகிதத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் தூள்தான். மேலே மருந்து அடித்து நிலைநிறுத்தாத வரைக்கும் எப்போது வேண்டுமானாலும் அழிக்கலாம், எப்போது வேண்டுமானாலும் மறுபடி வரையலாம். அதை அவள் அவர்களிடம் சொல்லவும் செய்திருந்தாள். படம் அழிந்துவிடும், தொடாதீர்கள் என்று சொன்னபோதே அவர்கள் காதில் அது விழுந்துவிட்டது.

இப்போதுதான் வேடிக்கை. நான் என்ன எதிர்பார்த்தேன்? எல்லோரும் சேர்ந்து வந்து, தப்பு நடந்துபோச்சு, மொத்தக் குப்பையையும் எடுத்துவிடுகிறோம் என்பார்கள் என்று. மனுஷ ஜென்மமாக இருந்தால் அப்படித்தானே? இவர்கள் ஒவ்வொருவராக, மற்றவருக்குத் தெரியாமல், கொல்லைக் கதவு வழியாக வந்தார்கள்.

முதலில் பங்களாம்மா. "மத்ததெல்லாம் அப்படியே இருக்கட்டும்மா, எனக்கென்ன. அந்த ஒண்ணை மட்டும் கொஞ்சம் அழிச்சுடு."

"எதும்மா?"

"அதான், அந்தக் காது வெச்சது."

"அது யாருதுன்னு எனக்குத் தெரியாதேம்மா" என்றாள் அண்ணி, முகத்தில் ஈ எறும்புக்கும் தீங்கு நினைக்காத அப்பாவித்தனம்.

"யாருதா இருந்தா என்ன, பார்க்க நல்லால்ல."

"அங்க அந்தப் பை இல்லேன்னா படத்துலயும் இருக்காது. நான் இருக்கறதத்தானே வரையறேன்."

மறுநாள் காலை பங்களாம்மா வீட்டு வேலைக்காரர் கூடையோடு வந்து, மேட்டைக் கிளறி, காது வைத்த பைகளை மட்டும் பொறுக்கிக்கொண்டு போனார். மட்டும்! பக்கத்தில் கிடந்த எதையும் தொடவில்லை. அண்ணி ரொட்டியை உருட்டிப் படத்தில் அந்தக் காதுகளை ஒற்றி எடுத்தாள். பிறகு வாத்தியார் வந்தார். பிறகு இன்னும் சிலர். செயலாளர் கடைசியாக வந்து, தன் பார்சல்களை அழிக்கச் சொல்லிவிட்டு, ரகசியமாக, "அந்த ரப்பர் வளையம் போட்டது இருக்கு பாரு, அதை இருக்கவிடும்மா. சிலருக்கு அப்பத்தான் புத்தி வரும்" என்றார். நான் சமையலறையில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். என் கையில் இருந்த கரண்டியை அவர் மேல் வீசாமல் இருந்தது என் பொறுமைக்கு அத்தாட்சி.

ஆனால் பாருங்கள், மேடு கரைந்தது. படத்தில் ஒன்று அழிய, சுவரோரத்தில் ஒன்று குறைந்தது. அழித்த இடத்தில் காகிதத்தில் லேசான சாம்பல் நிறம் தங்கும், கரி முழுசாகப் போகாது. அண்ணி அதை அப்படியே சுவரின் நிழலாக மாற்றிவிட்டாள். கடைசியில் சுவரோரத்தில் வெறும் மண். துப்புரவுக்காரர்கள் வந்து மருந்துப் பொடி தூவிவிட்டுப் போனார்கள். அன்று சாயங்காலம் அண்ணி வலையைக் கழற்றிக் கழுவிக் காயவைத்து, ஜன்னலை முழுசாகத் திறந்தாள். கீல் துருப்பிடித்திருந்தது, இரண்டு பேரும் சேர்ந்து தள்ளவேண்டியிருந்தது. காற்று உள்ளே வந்ததும் அண்ணன் கண்ணை மூடிக்கொண்டான்.

புண் ஆறத் தொடங்கியது. நான் தினமும் பார்க்கிறவள், எனக்குத் தெரியும். ஓரத்தில் கறுத்துக் கிடந்த தோல் போய், அடியில் ரோஜா நிறத்தில் புதுச் சதை பொடிப்பொடியாக எழும்பி வந்தது. அண்ணன் கட்டிலின் விளிம்பில் காலைத் தொங்கவிட்டு, தரையில் இல்லாத பெடலை மெல்ல அழுத்திப் பார்ப்பான். "பிரேக் பிடிக்குதுடி" என்பான். அண்ணி சிரிப்பாள். அந்த நாட்கள் நன்றாக இருந்தன, இல்லை என்று சொல்லமாட்டேன்.

படத்தை ஒப்படைக்கும் நாள் நெருங்கியது. செயலாளரும் பங்களாம்மாவும் சேர்ந்து வந்தார்கள், இந்த முறை முன்வாசல் வழியாக.

"கை பட்டா அழியும்னு சொன்னியேம்மா. நகராட்சியில பத்து பேரு தொடுவாங்க. அழியாம இருக்க மேல ஏதோ அடிப்பாங்களாமே? தலைமுடிக்கு அடிக்கிற ஸ்பிரேகூடப் போதுமாம், எங்க பையன் சொன்னான்" என்றார் செயலாளர்.

பங்களாம்மா தன் கைப்பையிலிருந்து தன்னுடைய ஸ்பிரே டப்பாவையே எடுத்து நீட்டினாள். உயர்ந்த வகையாம், வெளியூரிலிருந்து வந்ததாம். பெரிய தாராளம்.

நான் அண்ணியைச் சமையலறைக்கு இழுத்தேன். "வேண்டாம் அண்ணி. அடிச்சுட்டா அப்புறம் உங்க கையில ஒண்ணுமே இல்ல."

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"காலம் பூரா ஒரு ரொட்டித் துண்டைக் கையில வெச்சுக்கிட்டு அவங்கள மிரட்டிட்டே இருக்க முடியுமா? ஒரு தடவை நம்பித்தான் பார்ப்போமே."

உள்ளே இருந்து அண்ணன் குரல் கொடுத்தான். "கொடுத்துடும்மா. நல்லவங்கதான். சோம்பேறிங்க, அவ்வளவுதான்."

என் அண்ணனுக்கு எல்லோரும் நல்லவர்கள். பஸ்ஸுக்குக் குறுக்கே ஓடுகிறவனையும் "பாவம், ஏதோ அவசரம்" என்பான்.

அண்ணி ஸ்பிரேயை அடித்தாள். அறை முழுக்க ஆளை மயக்கிப் படுக்கவைக்கும் வாசனை. காய்ந்ததும் செயலாளர் ஒரு விரலால் படத்தைத் தொட்டு, விரலைத் திருப்பிப் பார்த்தார். சுத்தமாக இருந்தது. "ஒட்டவே இல்லையே!" என்று குழந்தை மாதிரி சந்தோஷப்பட்டார். அவர் ஏன் அவ்வளவு சந்தோஷப்பட்டார் என்று எனக்கு அப்போதே சந்தேகம்.

பரிசு எங்கள் தெருவுக்குத்தான். விளக்கு வந்தது, பெஞ்சு வந்தது. படத்தை நகராட்சிக் கூடத்தில் மாட்டினார்கள். அமைதி, நிழல், வெளிச்சம் என்று எல்லோரும் புகழ்ந்தார்களாம். விழாவில் செயலாளர் பேசினார். அண்ணியை மேடைக்குக் கூப்பிட மறந்துவிட்டார்கள்.

விழா முடிந்த அடுத்த வாரமே முதல் பை விழுந்தது. ஓடிப்போய்ப் பார்த்தேன். காது இல்லை, நூல் இல்லை, ரப்பர் வளையம் இல்லை. கறுப்புப் பை, மேலே இறுக்கமாக ஒரு சுருக்கு. மறுநாள் இன்னும் சில. எல்லாம் அதே கறுப்பு, அதே அளவு, அதே சுருக்கு. பிறகுதான் தெரிந்தது, சங்கமே மொத்தமாக வாங்கி வீட்டுக்கு வீடு கொடுத்திருக்கிறது. தெருவின் சுத்தத்துக்காகவாம். நாங்கள் கேட்காததால் எங்களுக்குத் தரவில்லையாம். ஒரு பாடம் படித்திருந்தார்கள் இந்தப் படித்தவர்கள். குப்பையை எங்கே போடக்கூடாது என்பதல்ல அந்தப் பாடம், யார் போட்டது என்று தெரியாமல் எப்படிப் போடுவது என்பது. சீ! எத்தனையோ பேருடைய மலத்தைச் சோதித்திருக்கிறேன். அதில் இருக்கும் புழுகூட இப்படி யோசிக்காது.

"இன்னொண்ணு வரைங்க அண்ணி, நாறடிப்போம்" என்றேன். அண்ணி படித் திருப்பத்தில் புதுக் காகிதத்தை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றாள். பிறகு இறங்கி வந்தாள். "எல்லாம் ஒரே கறுப்பா இருக்கு. வரைஞ்சா வெறும் கரி அப்பின மாதிரிதான் இருக்கும். வரைஞ்சாலும் யாருக்குக் காட்டுறது? அவங்களுக்குத்தான் பரிசு கிடைச்சாச்சே."

செயலாளரிடம் நானே போய்க் கத்தினேன். அண்ணனின் காலைப் பற்றிச் சொன்னேன். "ரொம்ப வருத்தமா இருக்கு, அடுத்த கூட்டத்துல பேசறேன்" என்றார். அடுத்த கூட்டத்தில் பெஞ்சுக்கு என்ன நிறம் அடிப்பது என்று பேசினார்கள். நானும் அண்ணியும் வேலைக்குப் போகுமுன் முடிந்தவரை பைகளைத் தூக்கிச் சாலையைக் கடந்து தொட்டியில் போட்டோம். திரும்பி வருவதற்குள் புதிதாக இரண்டு கிடக்கும். வலையை மாட்டி, ஜன்னலை மறுபடி சாத்தினோம்.

ஒருநாள் காலை கட்டைப் பிரித்தேன். புதுச் சதைக்கு நடுவே ஏதோ அசைந்தது. என் வேலையில் நான் பார்க்காத புழு இல்லை. ஆனால் என் அண்ணன் காலில் பார்த்ததில்லை. இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்தேன். அண்ணி கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அண்ணன், "என்னடி, ரொம்ப நேரம் ஆகுது?" என்று கேட்டான். காலில் உணர்ச்சி இல்லாததால் அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை. "ஒண்ணுமில்ல, பஞ்சு ஒட்டிக்கிச்சு" என்றேன்.

டாக்டர் அந்தப் புழுக்களால்தான் என்று சொல்லவில்லை. சர்க்கரை, ரத்த ஓட்டம், எத்தனையோ காரணம் இருக்கிறது, எனக்கும் தெரியும். நியாயமாகப் பேசுகிறேன். ஆனால் ஜன்னல் திறந்திருந்தவரை ஆறிக்கொண்டு வந்த கால், ஜன்னல் சாத்திய பிறகு அழுகியது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

அண்ணன் வீட்டுக்கு வந்து சில நாள் கழித்துச் செயலாளர் பார்க்க வந்தார். சுருக்கமில்லாத சட்டை. ஒரு கையில் பழம், இன்னொரு கையில் கண்ணாடிச் சட்டம் போட்ட படம். அண்ணி வரைந்ததன் அச்சுப் பிரதி. வீட்டுக்கு ஒன்று கொடுக்கிறார்களாம். அண்ணி அதை வாங்கிச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டுக் காப்பி போட்டுக் கொண்டுவந்தாள். நான் நாற்காலியைக் கட்டிலுக்குப் பக்கத்தில், ஜன்னலை ஒட்டிப் போட்டேன்.

உட்கார்ந்தவர் கைக்குட்டையை எடுத்து நாசூக்காக மூக்கின் மேல் வைத்துக்கொண்டார். போர்வைக்குக் கீழே கால் இல்லாத இடத்தைப் பார்க்காமல், மேலே பார்த்துப் பேசினார்.

"ஒண்ணும் கவலைப்படாதப்பா. தெருவே உன் பின்னாடி நிக்கும். ஆனா ரூமுல காத்தோட்டமே இல்லையே? புண்ணு வாடை தாங்கல. கொஞ்சம் சுத்தமா வெச்சுக்கணும்மா."

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அண்ணன் பேசினான். யாரையும் ஒரு சொல் சொல்லாதவன், குரலை உயர்த்தாமல் வழக்கம் போலத்தான் சொன்னான்.

"புண்ணத்தான் காலோட சேர்த்து எடுத்துட்டாங்களே சார். இது நீங்க போட்டது."

செயலாளர் கைக்குட்டையை எடுக்கவும் இல்லை, அழுத்தவும் இல்லை. எழுந்திருக்கப் பார்த்தார்.

"உட்காருங்க சார்" என்றாள் அண்ணி. வலையைக் கழற்றி வைத்துவிட்டு ஜன்னலின் இரண்டு கதவையும் வெளியே தள்ளினாள். சுவரோரத்து வெயிலில் வெந்துகொண்டிருந்தது மொத்தமும் உள்ளே வந்தது, பின்னாலேயே ஈக்கள். ஒன்று அவருடைய டம்ளரின் விளிம்பில் உட்கார்ந்தது.

"காப்பி ஆறுது சார், குடிங்க."

குடித்தார். கடைசி வாய் உள்ளே இறங்கும்வரை நான் பக்கத்திலேயே நின்றேன்.